ஐந்தாவது நட்டு

வாரத்தில் நான்கு நாள் இரத்மலானையில் சக்கரம் பூட்டுகிறேன்.
வெள்ளி மட்டும் வகுப்பு.
சம்பளம் பாதி. பட்டம் நான்கரை ஆண்டில்.
பம்பலப்பிட்டி மாமிக்கு இன்னும் பிடிபடவில்லை:
"அப்ப நீ இஞ்சினியரோ, மெக்கானிக்கோ?"
இரண்டும், மாமி.
"கலியாணப் பேச்சில எதைச் சொல்லுறது?"

துறைமுகத்திலிருந்து பெட்டி பெட்டியாய் வருகிறது கார்.
கதவுகள் ஒரு பெட்டி, ஆசனங்கள் ஒரு பெட்டி,
நட்டுகள், ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தோடு.
ஆணி பிடுங்கித் திறந்தால்
எங்கோ குளிர்காலத்தில் அடைபட்ட காற்று
ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு
கொழும்பு வெக்கையில் கலந்து போகும்.

ஒரே விசைக்கு எனக்கு மூன்று பெயர்.
வகுப்பில் டோர்க்.
லைனில் தனுகவுக்கு அது வெறும் 'ஹய்ய'.
பள்ளிக்கூடப் புத்தகத்தில் முறுக்கம்.
அந்தச் சொல்லை வாசித்தாலே
பசி எடுக்கும் எனக்கு.

போன வியாழன் நடந்ததைச் சொல்லவேண்டும்.

மறுநாள் பரீட்சை.
முதல் நாள் இரவு இரண்டு மணிவரை நிகழ்தகவு.
வேலை எளிது: நட்டை இறுக்கு,
க்ளிக் கேட்டால் மஞ்சள் பேனையால் கோடு.
ஐந்து நட்டு, ஐந்து க்ளிக், ஐந்து கோடு.

நூற்றுப் பதினெட்டாவது வண்டி.
சாம்பல் நிறம், பின்னிடது சக்கரம்.
கோடு ஐந்து இருந்தது.
க்ளிக் நான்குதானோ என்று நான் யோசித்தபோது
வண்டி இரண்டு நிலையம் தாண்டிவிட்டது.

மஞ்சள் கோடு என் கையெழுத்து.
எனக்குப் பிறகு நிற்கும் பதினொரு பேரும்
அதைப் பார்த்துவிட்டுத்தான்
சக்கரத்தைத் தொடாமல் விடுகிறார்கள்.

தலைக்கு மேலே சிவப்புக் கயிறு.
இழுத்தால் லைன் நிற்கும்,
பலகையில் நிமிடங்கள் ஓடும்,
அன்றைய ஊக்குவிப்புப் பணம் எல்லோருக்கும் குறையும்.
ரிஃப்கானுக்கு வீட்டு வாடகை பாக்கி.
தனுகவுக்குப் பிறந்து ஒன்பது நாளான மகள்.
எனக்கோ,
ஆறு மாதம் தாங்கமாட்டேன் என்று
பெயின்ற் பகுதியில் மூன்று பேர் பந்தயம் கட்டியிருந்தார்கள்.
அது ஐந்தாம் மாதம்.

இழுத்தேன்.

சத்தம் நின்ற பிறகுதான் தெரிந்தது
எவ்வளவு சத்தத்துக்குள் நான் நின்றிருந்தேன் என்று.
கூரைத் தகட்டில் காகம் நடப்பது கேட்டது.
பக்கத்து விமானத் தளத்தில்
சின்ன விமானம் ஒன்று தும்மித் தும்மி எழும்பியது.

"ஐ நங்கி?" என்றான் தனுக.
வாயில் மூன்று மொழியும் இல்லை.
விரலை நீட்டினேன்.

ரெஞ்சை வைத்தேன்.
முதல் நட்டு க்ளிக். இரண்டு க்ளிக். மூன்று. நான்கு.
ஐந்தாவது
கால் சுற்றுத் திரும்பியது.
பிறகு க்ளிக்.

ஆறு நிமிடம் நாற்பது விநாடி.
ஒருவரும் ஏசவில்லை. ஒருவரும் பாராட்டவும் இல்லை.
நாலு மணிக்கு ரிஃப்கான்
சீனி போடாத தேநீர் கொண்டுவந்து வைத்தான்.
கோபமா மறதியா தெரியவில்லை.
குடித்தேன்.

வெள்ளி. கேள்வி நான்கு:
பத்தாயிரம் நட்டுகளில் மூன்று தளர்ந்திருக்குமெனின்,
ஐந்து நட்டுச் சக்கரம் ஒன்றில்
ஒன்றாவது தளர்ந்திருப்பதன் நிகழ்தகவு யாது?

பூச்சியம் புள்ளி பூச்சியம் பூச்சியம் ஒன்று ஐந்து.
விடை சரி.
கீழே இரட்டைக் கோடு போடப் போனேன்.
கை கொஞ்சம் நின்றது.
கோடு போடுவது என்றால் இப்போதெல்லாம்
காது கொடுத்துவிட்டுத்தான்.

நேற்று நூற்றொன்று பஸ்ஸில்
யன்னலோரம் நின்று வருகிறேன்.
வெள்ளவத்தையில் சிவப்பு விளக்கு.
கீழே சாம்பல் நிறக் கார் ஒன்று.
எங்களுடையதுதான், விளக்கின் வளைவே சொல்லும்.
இலக்கம் எது என்று தெரிய வழியில்லை.

ஓட்டியவர் ஏதோ பாட்டுக்கு
ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.
பின் ஆசனத்தில் ஒரு பள்ளிப் பை,
பாதி கழற்றிய சப்பாத்து.

நான் குனிந்து பின்னிடது சக்கரத்தைப் பார்த்தேன்.
மூடி போட்டிருந்தது.

விளக்கு மாறியது.
அவர் போனார்.